காசு ஒருத்தர், தோசை இன்னொருத்தர்

காசுக்கேற்ற தோசை என்று சொல்கிறோம். கொடுத்த காசுக்குத் தகுந்ததுதான் தட்டில் விழும் என்று அர்த்தம். அந்தப் பழமொழிக்குள் சொல்லாமல் விட்ட ஒரு சங்கதி இருக்கிறது. காசு கொடுப்பவரும் சாப்பிடுபவரும் அதில் ஒரே ஆள். தோசை வேகவில்லை என்றால் அவர் நாக்குக்கே தெரிந்துவிடும். கல்லாவில் இருப்பவரிடம் சத்தம் போடுவார், நாளைக்கு எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அந்தப் பயத்தில்தான் கடைக்காரர் ஒழுங்காக மாவு ஆட்டுகிறார்.

வெளிநாட்டு உதவியில் இந்தக் கயிறு அறுந்துவிடுகிறது. காசு கொடுப்பவர் லண்டனில் வரி கட்டுபவர். சாப்பிடுவது தான்சானியாவில் ஒரு குழந்தை. தோசை வெந்ததா, தட்டுக்கு வந்ததா என்று கொடுத்தவருக்குத் தெரியாது. சாப்பிட்டவருக்குப் புகார் சொல்ல இடமில்லை. குறை சொன்னால் அடுத்த முறை இதுவும் வராதோ என்ற தயக்கம் வேறு. நடுவில் அமைச்சகம், ஆலோசனை நிறுவனம், தொண்டு நிறுவனம், கப்பல் கம்பெனி, மாவட்ட அதிகாரி என்று ஒரு வரிசை நிற்கிறது. தோசை பிரமாதம் என்று அறிக்கை எழுதினால் அந்த வரிசையில் யாருக்கும் நஷ்டமில்லை.

சாப்பிட்டவரின் நாக்குக்குப் பதிலாக ஓர் அளவுகோலை வைத்துப் பார்க்கும் முயற்சிக்குத்தான் 'பணத்துக்கேற்ற பயன்' என்று பெயர். இதைப் புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்காக, மருத்துவ உதவியை மட்டும் எடுத்துக்கொண்டு அது எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்க்கலாம்.

பணம் வரும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு நேரடியாகக் கொடுப்பது ஒரு வகை. பல நாடுகள் சேர்ந்து ஒரு பொதுப் பெட்டியில் போட்டு அங்கிருந்து கொடுப்பது இன்னொரு வகை. தடுப்பூசிக்கு 2000-இல் தொடங்கிய காவி (Gavi) என்ற கூட்டமைப்பு, எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்கும் 2002-இல் தொடங்கிய உலக நிதியம், இரண்டும் அப்படிப்பட்ட பெட்டிகள். பிரிட்டன் 2013-இல் தன் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவிக்கு ஒதுக்கும் நிலையை எட்டியது. 2015-இல் அதைச் சட்டமாகவே ஆக்கியது. 2021-இல் 0.5 ஆகக் குறைத்தது. 2027-க்குள் 0.3 ஆக்கப்போவதாக 2025-இல் அறிவித்துவிட்டது. பெட்டி சுருங்கச் சுருங்க, ஒவ்வொரு பவுண்டும் என்ன செய்தது என்ற கேள்வி சூடாகிறது.

ஒரு கொசுவலையின் விலை என்ன?

மருந்து தோய்த்த கொசுவலையை எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்காவில் மலேரியாவுக்கு எதிராகப் பெருமளவில் கொடுக்கப்படும் பொருள் இது. சாதாரண வகை வலை ஒன்று மொத்தக் கொள்முதலில் சுமார் 2 டாலர்.

உதவிப் பணத்தைக் கணக்குப் பார்ப்பவர்கள் இங்கே சில கேள்விகளை அடுக்குவார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் 2010-க்குப் பிறகு இந்த அடுக்கை மந்திரம் மாதிரி ஓதினார்கள். வலையை நியாயமான விலைக்கு வாங்கினோமா? அது சிக்கனம். வாங்கிய வலைகளில் எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன? அது செயல்திறன். வீட்டுக்குப் போன வலையால் மலேரியா குறைந்ததா? அது பலன். அப்புறம், ரோட்டோரத்து ஊர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களை விட்டுவிட்டோமா? அது சமநீதி.

நாலும் ஒன்றோடொன்று சண்டை போடும் என்பதைப் பல அறிக்கைகள் சொல்வதில்லை. சிக்கனம் பார்த்தால் பலன் அடிபடும். செயல்திறன் பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடிபடும், ஏனென்றால் அங்கே ஒரு வலையைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் படகு வேண்டும், ஒரு நாள் கூலி வேண்டும்.

கூலி என்றதும் ஒரு பழமொழி ஞாபகம் வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வலை 2 டாலர். கப்பலேற்றி, கிடங்கில் வைத்து, லாரியில் அனுப்பி, வீடு வீடாகக் கணக்கெடுத்து, கையெழுத்து வாங்கிக் கொடுத்து முடிக்கும்போது ஏறக்குறைய 5 டாலர் ஆகிவிடுகிறது. நன்கொடை கொடுப்பவர்கள் இதைப் பார்த்துக் கொதிப்பார்கள். பொருளுக்குப் போகாமல் பாதிப் பணம் நிர்வாகத்துக்கா என்பார்கள். எனக்கு இந்தக் கோபம் புரிகிறது, ஆனால் இடம் தவறிய கோபம் என்று நினைக்கிறேன். துறைமுகக் கிடங்கில் கிடக்கும் வலை ஒரு கொசுவையும் கொல்லாது. மருத்துவ உதவியில் பல சமயம் சுமைகூலிதான் மருந்து. வீடு வீடாகப் போய்த் தலை எண்ணும் ஆளுக்குக் கொடுக்கும் கூலியை வெட்டினால் கணக்குப் புத்தகம் அழகாக இருக்கும். வலை யாரிடம் போனது என்று மட்டும் தெரியாது.

சரி, 5 டாலர் வலையால் உயிர் பிழைக்குமா? ஒரு தோராயக் கணக்கு போடுவோம். 1000 வலை, 5000 டாலர். ஒரு வலைக்குள் இரண்டு பேர் என்றால் 2000 பேர். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் ஆறில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, ஆக 330 குழந்தைகள். வலை இரண்டு ஆண்டு உருப்படியாகத் தாங்கும் என்று வைத்தால், 660 குழந்தை-ஆண்டுகள். 1980, 90-களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, 1000 குழந்தைகளுக்கு ஓராண்டு வலை கொடுத்தால் ஐந்தரை உயிர் பிழைக்கிறது என்று தெரிந்தது. அந்த விகிதத்தில் நம் 660-க்கு மூன்றரை உயிருக்குச் சற்று மேல் வரும்.

இத்தோடு நிறுத்தினால் விளம்பரம் எழுதலாம். கணக்காளர் நிறுத்தமாட்டார். அந்த ஆய்வுகள் நடந்த காலத்தைவிட இப்போது அங்கே குழந்தை இறப்பு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. காப்பாற்ற வேண்டிய உயிர்களே குறைவு என்பது நல்ல செய்திதான், ஆனால் கணக்கில் பாதியைக் கழிக்கவேண்டும். கொசுக்கள் மருந்துக்குப் பழகிவிட்டன, அதற்கும் கொஞ்சம். சில வலைகள் கிழிந்திருக்கும். சில வலைகளை விக்டோரியா ஏரிக்கரையில் கென்ய மீனவர்கள் மீன் காயவைக்க விரித்திருந்ததை ஆய்வாளர்களே பார்த்து எழுதியிருக்கிறார்கள். எல்லாம் கழித்தால் கையில் ஏறக்குறைய ஒரே ஓர் உயிர் மிஞ்சுகிறது. ஆக ஓர் உயிருக்கு 5000 டாலர் மாதிரி. தொண்டு நிறுவனங்களை எடைபோடும் அமெரிக்க அமைப்பான கிவ்வெல் பல பக்கங்களுக்குக் கணக்குப் போட்டு வருவதும் ஏறக்குறைய இந்தச் சுற்றுவட்டாரத்துக்குத்தான்.

'2 டாலரில் ஓர் உயிரைக் காப்பாற்றுங்கள்' என்ற சுவரொட்டிக்கும் இதற்கும் இருக்கும் தூரத்தைப் பாருங்கள். வகுத்தலில் கீழே எதைப் போடுகிறோம் என்பதுதான் வித்தியாசம். வாங்கிய வலையால் வகுத்தால் 2, வீடு சேர்ந்த வலையால் வகுத்தால் 5, பிழைத்த உயிரால் வகுத்தால் 5000. மூன்றும் உண்மையான எண்கள். யாராவது உங்களிடம் 'இவ்வளவு மலிவு' என்று சொன்னால், 'எதுக்கு இவ்வளவு?' என்று கேளுங்கள். இந்தத் துறையில் பாதிச் சாமர்த்தியம் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

5000 டாலர் என்பதும் ஏமாற்றமளிக்க வேண்டியதில்லை. பணக்கார நாட்டு மருத்துவமனையில் ஓர் உயிரை இன்னும் கொஞ்சம் நீட்டிக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது கொள்ளை மலிவு.

இலவசமாகக் கொடுத்தால் மதிக்கமாட்டார்கள், சின்ன விலையாவது வைக்கவேண்டும் என்று ஒரு வாதம் நெடுநாள் இருந்தது. நம்மூரிலும் ரேஷன் பொருளைப் பற்றி இதே பேச்சைக் கேட்கலாம். ஜெசிகா கோஹென், பாஸ்கலின் டுபாஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் கென்யாவில் கர்ப்பிணிகள் வரும் மருத்துவ நிலையங்களில் இதைச் சோதித்தார்கள். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் வெவ்வேறு விலை. 2010-இல் வெளியான முடிவு: விலையைப் பூஜ்யத்திலிருந்து வெறும் 60 சென்டுக்கு ஏற்றியதுமே வலை வாங்குவோர் பங்கு 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் அதைக் கூடுதலாகப் பயன்படுத்தியதாகவும் தெரியவில்லை. வசூலான சில்லறையைவிட இழந்த பாதுகாப்பு மிகப் பெரிது.

மலிவு என்பதே பயன் ஆகிவிடாது

பாப்புவா நியூகினியில் ஆண்டுக்கணக்காக வலை கொடுத்தும் மலேரியா திரும்பத் தலைதூக்கியது. ஏன் என்று தேடிய ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். 2013-க்குப் பிறகு தயாரித்து அந்த நாட்டுக்கு வந்த வலைகளில், பிரிக்காத புது வலைகளில்கூட, கொசுவைக் கொல்லும் சக்தி முந்தைய வலைகளைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. வலை எண்ணிக்கை சரி, விநியோகம் சரி, ரசீது சரி. தோசை மட்டும் வேகவில்லை. 'எத்தனை வலை கொடுத்தோம்' என்று மட்டுமே அளந்த எந்த அறிக்கையிலும் இது தெரிய வழியில்லை.

இதற்கு நேர்மாறான கதை தான்சானியாவில். அங்கே மிசுங்வி மாவட்டத்தில், பழைய மருந்துக்குப் பழகிவிட்ட கொசுக்களுக்கு எதிராகக் குளோர்ஃபெனாபிர் என்ற இரண்டாவது மருந்தும் சேர்த்த வலையைச் சோதித்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. இரண்டு ஆண்டுகளில் குழந்தைகளிடம் மலேரியா, சாதாரண வலை கொடுத்த ஊர்களைவிட 44 சதவீதம் குறைவு. புது வலை விலை 3 டாலர் மாதிரி, பழையது 2. கொள்முதல் அதிகாரிக்கு ஒன்றரை மடங்கு விலை என்றுதான் படும். ஏற்கனவே சொன்னபடி லாரிக் கூலியும் ஆள் கூலியும் இரண்டுக்கும் ஒன்றே. ஆக வீடு சேரும்போது 5 டாலர் 6 ஆகிறது, அவ்வளவுதான். 20 சதவீதம் கூடுதல் செலவில் மலேரியா ஏறக்குறைய பாதியாகிறது. 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இந்த வலையைப் பரிந்துரைத்தது.

அதற்காக விலை பேசுவது வீண் என்று நினைத்துவிடவேண்டாம். மருந்து விலை மட்டும் இறங்கியதால் உலகமே மாறிய கதையும் இருக்கிறது. 2000 வாக்கில் எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவில் அதைக் கொடுப்பது பண விரயம், தடுப்பில் மட்டும் போடுங்கள் என்று பல நிபுணர்கள் மனதாரச் சொன்னார்கள், அந்த விலையில் கணக்கும் அவர்கள் பக்கம்தான் இருந்தது. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம், அதன் தலைவர் யூசுஃப் ஹமீது வழியாக, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு.

அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் 2003-இல் தொடங்கிய பெப்ஃபார் எய்ட்ஸ் திட்டம் முதலில் விலை கூடிய பிராண்ட் மருந்துகளையே வாங்கியது, ஏனென்றால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் கட்டாயம். 2004-இல் பொதுப்பெயர் மருந்துகளுக்கு, அதாவது அதே மருந்தை வேறு நிறுவனங்கள் மலிவாகத் தயாரிப்பவற்றுக்கு, தற்காலிக ஒப்புதல் வழி திறந்தபிறகு நிலைமை தலைகீழாகியது. 2005 முதல் 2008 வரை அந்த மாற்றத்தால் மட்டும் 30 கோடி டாலருக்கு மேல் மிச்சம் என்று பின்னாளில் ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2023-இல் உலக நிதியம் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 45 டாலருக்கும் கீழே மருந்து கிடைக்கும் என்று அறிவித்தது. அன்று அந்த நிபுணர்கள் போட்ட கணக்கில் பிழையில்லை. விலையை மாறாத ஒன்றாக எடுத்துக்கொண்டதுதான் பிழை.

கண்ணும் காலும் ஒரே தராசில்

வலையை வலையோடு ஒப்பிடலாம். கண்புரை அறுவையையும் காசநோய் மாத்திரையையும் எப்படி ஒப்பிடுவது? இதற்காக 1993-இல் உலக வங்கியின் வளர்ச்சி அறிக்கை ஓர் அலகைப் பிரபலமாக்கியது. கிறிஸ்டோபர் மர்ரே, ஆலன் லோபஸ் இருவரும் உருவாக்கியது. டாலி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சீக்கிரம் இறந்ததால் இழந்த ஆண்டுகளையும், உடல் ஊனத்தோடோ நோயோடோ கழித்த ஆண்டுகளையும் கூட்டிச் சொல்வது. 60 வயது வரை வாழவேண்டியவர் 50-இல் இறந்தால் 10 ஆண்டு நஷ்டம். நோயோடு வாழும் ஆண்டுக்கு நோயின் கடுமையைப் பொறுத்து 0 முதல் 1 வரை ஒரு எடை.

இந்த எடையை யார் போடுகிறார்கள்? மனிதர்கள்தான். முதல் பதிப்பில் ஒரு 25 வயதுக்காரரின் ஓராண்டு, கைக்குழந்தையின் ஓராண்டைவிடவும் கிழவரின் ஓராண்டைவிடவும் அதிகம் மதிப்பு பெற்றது. பிறகு எதிர்ப்பு எழுந்து 2010-ஆம் ஆண்டுக்கான கணக்கீட்டில் அதை எடுத்துவிட்டார்கள். அதே கணக்கீட்டில் இன்னொன்றும் நடந்தது. முழுப் பார்வையிழப்புக்கு அதுவரை சுமார் 0.6 என்று இருந்த எடை, பல நாட்டு மக்களிடம் புதுவிதமாகக் கேள்வி கேட்டபிறகு 0.2-க்கு இறங்கியது. உலகத்தில் ஒரு கண்கூட மாறவில்லை. ஆனால் தாளில், கண்புரை அறுவையால் கிடைக்கும் பலன் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

இதனால் டாலியைத் தூக்கிப் போடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு திட்டங்களுக்கு நடுவே நூறு மடங்கு வித்தியாசம் வந்தால், எடை கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் முடிவு மாறாது. வித்தியாசம் ஒன்றரை மடங்கு என்றால் அந்தக் கணக்கை வைத்து யாருடைய திட்டத்தையும் மூடாதீர்கள்.

திருட்டும் வீணும்

2011 ஜனவரியில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒரு செய்தி போட்டது. உலக நிதியத்தின் சில மானியங்களில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஊழலில் போய்விட்டது என்றது. ஜெர்மனி பணத்தை நிறுத்திவைத்தது. உள்ளே பார்த்தால், மாலி, மொரிட்டானியா, ஜிபூட்டி, ஜாம்பியா போன்ற நாடுகளில் கணக்கு வராத தொகை 3.4 கோடி டாலர். நிதியம் அதுவரை செலவழித்திருந்தது சுமார் 1300 கோடி டாலர். தணிக்கையாளர்கள் அதுவரை எல்லா மானியங்களையும் பார்க்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இருந்தாலும் விஷயம் இதுதான்: அந்த எண்களைக் கண்டுபிடித்து வெளியிட்டதே நிதியத்தின் சொந்தத் தணிக்கைப் பிரிவு. தணிக்கையே செய்யாத அமைப்புகள் அந்த மாதம் நிம்மதியாகத் தூங்கின.

அதே ஆண்டு நவம்பரில், பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, நிதியம் தன் பதினொன்றாம் சுற்று மானியங்களையே ரத்து செய்தது.

திருட்டைப் பிடிக்கவேண்டும், சந்தேகமில்லை. ஆனால் திருட்டு செய்தியாகிறது, வீண் செய்தியாவதில்லை. ஒரு பைசா திருடாமல், எல்லா ரசீதும் பத்திரமாக வைத்து, பழகிப்போன கொசுவுக்குப் பழைய மருந்து வலையை ஊர் ஊராகக் கொடுத்தால் அது தணிக்கையில் முதல் மதிப்பெண் வாங்கிவிடும்.

கொட்டாம்பட்டியில் எடுபட்டது

நமக்கு நெருக்கமான கதைக்கு வருகிறேன். 1980-இல் உலக வங்கியின் சலுகைக் கடனோடு தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று தொடங்கியது. மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முன்னோட்டம் பார்த்து, பிறகு மற்ற மாவட்டங்களுக்கு விரித்தார்கள். யோசனை சிக்கனமானது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை பார்ப்பது. எடை ஏறவேண்டிய அளவு ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்து உருண்டை கொடுப்பது. எடை தேறியதும் நிறுத்திவிடுவது. கூடவே தாய்க்கு என்ன ஊட்டவேண்டும், எப்படி ஊட்டவேண்டும் என்று அதே ஊர்ப் பெண் ஒருவர் சொல்லிக்கொடுப்பார். எல்லாக் குழந்தைக்கும் எப்போதும் உணவு என்ற வழியைவிடச் செலவு குறைவு, கடுமையான சத்துக்குறைவும் நன்றாகக் குறைந்தது. உலக வங்கி வட்டாரங்களில் 'தமிழ்நாட்டு மாதிரி' என்று பேசினார்கள்.

நல்ல தோசை என்று தெரிந்தபின் அதே மாவை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதானே? 1995-இல் வங்கதேசத்தில் ஏறக்குறைய அதே வடிவத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. எடை, அட்டை, ஆலோசனை, துணை உணவு எல்லாம் இருந்தன. 2005-இல் உலக வங்கியின் சொந்த மதிப்பீட்டுப் பிரிவு பார்த்தபோது, குழந்தைகளின் சத்துநிலையில் எதிர்பார்த்த மாற்றத்தைக் காணோம்.

தாய்மார்கள் பாடத்தைக் கேட்டுக்கொண்டார்கள். கேள்வி கேட்டால் பதிலும் சொன்னார்கள். ஆனால் அந்த ஊர்களில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது கணவர். அடுப்படியில் எதை யாருக்கு எவ்வளவு வைப்பது என்று முடிவு செய்வது பல வீடுகளில் மாமியார். இரண்டு பேரும் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை, அவர்களை யாரும் கூப்பிடவும் இல்லை. குழந்தைக்குக் கொடுத்த உணவோ பல வீடுகளில் வழக்கமாகக் கொடுக்கும் உணவுக்குப் பதிலாகிவிட்டது, கூடுதலாகச் சேரவில்லை. தமிழ்நாட்டுக் கிராமத்தில் தாயிடம் சொன்னால் போதும் என்று இருந்தது. அந்த ஒன்றை யாரும் அட்டவணையில் எழுதிவைக்கவில்லை, எழுதவேண்டும் என்று தோன்றவுமில்லை.

ஓர் இடத்தில் ஒரு டாலருக்கு இவ்வளவு பலன் என்று கிடைத்த எண், மற்றொரு இடத்துக்குப் பயணச்சீட்டு இல்லாமல் போகமுடியாது. எடைத்தராசையும் உருண்டையையும் கப்பலில் ஏற்றலாம். மாமியார் யார் என்று அங்கே போய்த்தான் விசாரிக்கவேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தலைவலி. வெளியிலிருந்து பணம் வந்ததும் உள்ளூர் அரசு தன் பணத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டால்? 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, அரசுகளுக்கு வந்த ஒவ்வொரு டாலர் மருத்துவ உதவிக்கும் அவை தங்கள் சொந்தச் சுகாதாரச் செலவில் 43 சென்ட் முதல் 1.14 டாலர் வரை குறைத்துக்கொண்டன என்றது. இந்த எண்ணைப் பலர் மறுத்திருக்கிறார்கள். எண் எதுவாக இருந்தாலும் கேள்வி சரியான கேள்வி. உதவியே வராமலிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்காமல் போடும் எந்தக் கணக்கும் அரைக் கணக்குத்தான்.

நிறுத்துவதற்கும் விலை உண்டு

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைத்தது. ஜூலை 1-இல் யுஎஸ்எய்ட் என்ற உதவி நிறுவனமே மூடப்பட்டது. பண விரயத்தைத் தடுக்கிறோம் என்பதுதான் சொன்ன காரணம். அதே மாதம், பெல்ஜியத்தில் ஒரு கிடங்கில் இருந்த சுமார் 97 லட்சம் டாலர் மதிப்புள்ள கருத்தடைப் பொருட்களை எரித்து அழிக்கப்போவதாகவும், எரிப்பதற்கு 1,67,000 டாலர் ஆகும் என்றும் அமெரிக்க வெளியுறவுத் துறை சொன்னது. சுண்டைக்காயை வாங்கியாயிற்று, இனிச் சுமைகூலி மட்டும்தான் பாக்கி என்ற கட்டத்தில், அந்தக் கூலியை எரிக்கக் கொடுப்பது. சிக்கனத்தின் பேரில் செய்த காரியத்தைச் சிக்கனத்தின் அளவுகோலாலேயே அளந்து பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

பாதியில் நிறுத்துவது என்றால் இலங்கையின் மலேரியாக் கதையையும் சொல்லவேண்டும். 1963-இல் இலங்கை முழுவதும் பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். டிடிடி பூச்சிமருந்துத் தெளிப்பில் கிடைத்த வெற்றி அது. 17 பேருக்காக நாடு முழுக்க மருந்தடிக்கும் பட்டாளத்தை வைத்திருப்பதா? ஒரு நோயாளிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் தலை சுற்றும். தெளிப்பை நிறுத்தினார்கள். கண்காணிப்பும் தளர்ந்தது. 1969-இல் நோயாளிகள் ஐந்து லட்சத்துக்கு மேல்.

பிறகு மருந்துக்கு அசையாத கொசு, நெடிய போர் என்று எல்லாவற்றையும் தாண்டி, உலக நிதியத்தின் பணமும் சேர, வடக்கிலும் கிழக்கிலும்கூட நோயை விரட்டினார்கள். உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது.

மலேரியா ஒழிப்பு இயக்கத்தை அங்கே இன்னும் கலைக்கவில்லை. இந்தியாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ காய்ச்சலோடு இறங்கும் ஒரு பயணிக்கு மலேரியா என்று தெரிந்தால், அவர் தங்கிய வீட்டைச் சுற்றி ரத்தப் பரிசோதனைக்கும் கொசு பிடிக்கவும் இன்றைக்கும் ஆட்கள் போகிறார்கள். வண்டி, டீசல், சம்பளம் எல்லாம் ஆகிறது. அந்தச் செலவை உள்நாட்டு நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுக்கப்போனால், கீழே போடுவதற்குப் பூஜ்யம்தான் இருக்கிறது.